முதல் தமிழ் டிஸ்ப்ளே எழுத்துரு: மாணவர்கள் கேட்கும் கேள்விகள்

வடிவமைப்பு படிக்கும் மாணவர்கள் இறுதியாண்டு வேலைக்குத் தமிழ் எழுத்துரு ஒன்று செய்யலாமா என்று கேட்டு எழுதுகிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துப்போய் எல்லாவற்றையும் இங்கே தொகுத்திருக்கிறேன். நானும் மாணவனாக இருந்தபோது ஒன்று செய்தவன். கீழே எச்சரித்திருக்கும் தவறுகளில் பாதி நான் செய்தவை.

டிஸ்ப்ளே எழுத்துரு என்று எதைச் சொல்கிறோம்?

பெரிதாக வைத்துப் பார்ப்பதற்கென்றே வரையப்படுவது. தலைப்பு, சுவரொட்டி, படப் பெயர், அட்டை ஆகியவைதான் அதன் இடம். புத்தகத்தின் உள்பக்கத்து எழுத்துரு தன்னை மறைத்துக்கொண்டு வாசகரைப் படிக்கவிட வேண்டும். டிஸ்ப்ளே எழுத்துருவோ முதலில் கண்ணில் விழ வேண்டும், அடுத்த நொடியில் படிக்கவும் பட வேண்டும்.

இந்த வகை 19-ஆம் நூற்றாண்டு விளம்பரத் தாள்களோடு வளர்ந்தது. பெரிய எழுத்தை ஈயத்தில் வார்த்தால் தூக்க முடியாத கனம். 1827-இல் நியூயார்க்கில் டேரியஸ் வெல்ஸ் என்பவர் மர அச்செழுத்துகளை இயந்திரத்தால் பெருவாரியாகச் செதுக்கத் தொடங்கிய பிறகு, கைக்கு வந்தபடியெல்லாம் எழுத்தைத் தடிக்கவும் நீட்டவும் முடிந்தது. அந்தத் துணிச்சல்தான் இன்றும் இந்த வகையின் குணம்.

முதல் வேலையாக இதைச் செய்வது சரியா? உள்பக்க எழுத்துருதானே மதிப்பு?

மதிப்பு எது என்பதை விடுங்கள், எது முடியும் என்று பாருங்கள். உள்பக்க எழுத்துரு என்றால் குறைந்தது இரண்டு மூன்று கனங்கள் (மெலிவு, தடிப்பு போன்ற கோட்டு அளவுகள்), சிறிய அளவில் நீண்ட நேரம் படித்துப் பார்க்கும் சோதனை, பல மாதத் திருத்தம். டிஸ்ப்ளேவுக்கு ஒரே கனம் போதும். ஒரு பருவத்துக்குள் முடித்துக் கையில் கொடுக்கலாம். பல கனங்கள் கொண்ட, முடிக்காத பெரிய எழுத்துருக் குடும்பத்தைவிட முடித்த ஒற்றை எழுத்துருவுக்குத்தான் நான் மதிப்பெண் போடுவேன்.

யோசனை எப்படி வரும்? என்னிடம் ஒரு ‘ஃபீல்’ இருக்கிறது, அது போதுமா?

போதாது. ‘கம்பீரமாக இருக்கும்’, ‘பழமையும் புதுமையும் கலந்தது’ என்பவை எழுத்துருவை முடித்த பிறகு மற்றவர் சொல்ல வேண்டியவை. வரைபவருக்கு வேண்டியது, கோடு எப்படி நடந்துகொள்கிறது என்று சொல்லும் ஒரே ஒரு வாக்கியம்.

உதாரணம்: ‘கிடைக்கோடு தடிமன், செங்குத்துக் கோடு மெலிவு.’ லண்டனில் கேஸ்லன் எழுத்து வார்ப்பகம் 1821-இல் இத்தாலியன் என்ற பெயரில் லத்தீன் எழுத்தின் (ஆங்கிலத்தை எழுதும் A, B, C எழுத்து) கனத்தை இப்படித் தலைகீழாக்கிக் காட்டியது. அதையே தமிழில் செய்து பாருங்கள். ‘ப’ அடிப்பகுதி கனத்த படகு மாதிரி உட்காரும். ‘ட’ அதைவிட அழகாக வரும். உடனே மகிழ்ந்துவிடாதீர்கள். ‘ண’வை வரையுங்கள், பிறகு ‘ஞ’, ‘ஐ’, ‘ஜ’. இந்த நான்கும் உங்கள் வாக்கியத்தை ஏற்றுக்கொண்டால் யோசனை நிற்கும். ‘இந்த எழுத்துக்கு மட்டும் விதிவிலக்கு’ என்று நான்கில் மூன்றுக்குச் சொல்ல வேண்டியிருந்தால் உங்களிடம் இருப்பது ஒரு நல்ல ‘ப’ மட்டுமே.

மாணவர்களின் படைப்புகளில் பெரும்பாலானவை சறுக்கும் இடம் இதுதான். அழகான ஐந்து எழுத்துகளை வரைந்து, சுவரொட்டி செய்து, பாராட்டு வாங்கிவிடுகிறார்கள். மிச்ச எழுத்துகள் அந்த ஐந்துக்கும் வாடகைக்கு வந்தவை போல இருக்கும். அசிங்கமான எழுத்தில் தொடங்கி அழகான எழுத்துக்கு வாருங்கள்.

247 எழுத்தையும் வரைய வேண்டுமா?

வேண்டாம். கணக்கைப் போட்டுவிட்டால் பயம் போய்விடும்.

உயிர் 12, ஆய்தம் 1, அகர மெய் வடிவங்கள் 18. ஆக 31. உகர, ஊகார வரிசைகளில் குறி எழுத்தோடு ஒட்டிக்கொண்டு வடிவத்தையே மாற்றுகிறது. ஆகவே 18 மெய்க்கும் இரண்டிரண்டாக 36 தனி வடிவங்கள். ‘டி’, ‘டீ’ இரண்டும் தனி. ஜ, ஷ, ஸ, ஹ, க்ஷ என்ற கிரந்த எழுத்துகள் ஐந்தும், ஸ்ரீ ஒன்றும். பிறகு குறிகள்: புள்ளி, கால், இகர ஈகார மேல்விலங்குகள், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக் கொம்பு, ஔகாரத்தில் பின்னால் வரும் ள போன்ற குறி, கிரந்த எழுத்துகளுக்கு ஒட்டாமல் வரும் உகர, ஊகாரக் குறிகள். ஆகப் பத்து. எல்லாம் சேர்த்தால் 85. அதன்மேல் எண்களும் நிறுத்தற்குறிகளும்.

இதுவும் முழுக்கப் புதிதாக வரைவதல்ல. உகர வரிசையில் மூன்று குடும்பங்கள்தான். சு, பு, யு, வு, ஙு ஆகியவை நேராகக் கீழே இறங்கும். கு, டு, மு, ரு, ழு, ளு வளைத்துச் சுற்றும். து, நு, லு, று, ணு, னு, ஞு வலப்பக்கம் கை நீட்டும். ஒரு குடும்பத்தில் ஒன்றைச் சரியாகச் செய்துவிட்டால் மற்றவை உறவினர்களாக வந்து சேரும். மேல்விலங்கை மட்டும் எல்லா எழுத்திலும் தானாக ஒட்டவிட்டுவிட்டு வெளியிடாதீர்கள். ‘கி’யில் சரியாக அமரும் விலங்கு ‘னி’யில் அந்தரத்தில் தொங்கும். டிஸ்ப்ளே அளவில் அது ஊருக்கே தெரியும். முடிந்தால் இகர, ஈகார வரிசைகளையும் தனித்தனியாகச் செய்யுங்கள்.

‘அ’வில் தொடங்கலாமா?

நான் தொடங்கினேன். மூன்று வாரம் ‘அ’ மட்டும் வரைந்தேன். சுழி, வளைவு, குறுக்கு, செங்குத்து எல்லாம் ஒரே எழுத்தில் இருக்கிறது. அதில் எடுத்த எந்த முடிவும் மற்ற எழுத்துகளுக்கு உதவவில்லை.

‘ட’வில் தொடங்குங்கள். ஒரு செங்குத்து, ஒரு கிடை, ஒரு மூலை. அதிலிருந்து ‘ப’, பிறகு ‘ம’, ‘ய’, வாலை இறக்கினால் ‘ழ’. இன்னொரு பக்கம் ‘ன’: சுழி எவ்வளவு பெரிது, எவ்வளவு திறந்திருக்கிறது என்பதை அது முடிவு செய்யும். அந்த முடிவில்தான் ண, ல, வ, ள, எ எல்லாம் தொங்குகின்றன. மூன்றாவது ‘க’. தலைக்கோட்டுக்கும் தண்டுக்கும் வயிற்றுக்கும் உள்ள உறவு அதில் தெரியும். ச, த இரண்டும் பின்தொடரும்.

இந்த நான்கைந்து எழுத்து கிடைத்தவுடன் நிறுத்திவிட்டுச் சொற்களைக் கோத்துப் பாருங்கள். ‘படகு’, ‘பட்டம்’, ‘மனம்’, ‘கனகம்’. எழுத்தாகப் பார்த்தபோது நன்றாக இருந்த சுழி, சொல்லில் நான்கு முறை வந்தால் சலிப்பூட்டலாம். தாளில் அச்செடுத்துச் சுவரில் ஒட்டி, அறையின் மறுகோடியில் நின்று பாருங்கள்.

வளைவுகள் பற்றி ஒரு சின்னக் குறிப்பு. ‘ல’வின் அடிவளைவையும் ‘ட’வின் அடிக்கோட்டையும் ஒரே மட்டத்தில் வைத்தால் வளைவு மேலே தூக்கியது போலத் தெரியும். எழுத்தின் சதுரம் 1000 அலகு என்றால் வளைவைப் பத்துப் பதினைந்து அலகு கீழே தள்ளுங்கள். அளவுகோல் சொல்வதும் கண் சொல்வதும் வேறுபட்டால் கண்ணை நம்புங்கள்.

மிகத் தடித்த எழுத்து வேண்டும். ஆனால் ‘ண’ அடைத்துக்கொள்கிறதே?

தமிழில் தடித்த எழுத்து வரைவதன் முழுச் சிக்கலும் இந்தக் கேள்விக்குள் இருக்கிறது. மூன்று சுழி ‘ண’வில் செங்குத்தாகக் கோடுகள் அடுக்கிக்கொண்டே போகின்றன. ‘ப’வுக்குக் கொடுத்த கனத்தையே இதற்கும் கொடுத்தால் உள்ளே இருக்கும் வெள்ளை இடம் மறைந்து கரும்பாறையாகிவிடும்.

வழிகள் இரண்டு உண்டு. எழுத்தை அகலமாக்கலாம், அல்லது உள்கோடுகளை மெலிதாக்கலாம். இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் செய்வதுதான் வழக்கம். வெளிக்கோடு முழுக் கனத்தோடு நிற்கட்டும், உள்ளே இருப்பவை யாருக்கும் தெரியாமல் மெலியட்டும். தள்ளி நின்று பார்க்கும்போது ‘ப’வும் ‘ண’வும் ஒரே கருமையாகத் தெரிந்தால் போதும். இன்னொரு துணிச்சலான வழியும் உண்டு: சுழியை மூடாமல் கோட்டின் முனையில் ஒரு குமிழாகவோ வெட்டாகவோ மாற்றிவிடுவது. ஆனால் ‘ண’வையும் ‘ன’வையும் பிரித்துக் காட்டுவது அந்தச் சுழிகள்தான். எதைக் குறைத்தாலும் எண்ணிக்கை தெரிய வேண்டும்.

இதே எச்சரிக்கை மற்ற இரட்டையர்களுக்கும் பொருந்தும். ‘ர’வின் அடிச்சாய்வை நவீனம் என்று வெட்டி எறிந்தால் ‘மரம்’ என்பது ‘மாம்’ ஆகிவிடும். ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் தூரத்தில் ஒன்றுபோலத் தெரிந்தால் ‘கெடு’வும் ‘கேடு’ம் குழம்பும். கெடு தேதி அச்சிட்ட சுவரொட்டியில் இது வேடிக்கையாக இருக்காது.

எந்த மென்பொருள்?

மேக் கணினி இருந்தால் கிளிஃப்ஸ். தமிழ் விதிகளில் பெரும்பகுதியை அதுவே எழுதிக்கொள்ளும். இல்லையென்றால் ஃபான்ட்லேப், அல்லது இலவசமாகக் கிடைக்கும் ஃபான்ட்ஃபோர்ஜ். கடைசியாகச் சொன்னதன் முகம் பழையது, வேலை ஒழுங்காகவே நடக்கும். இல்லஸ்ட்ரேட்டர், இங்க்ஸ்கேப் போன்ற படம் வரையும் செயலிகளில் முழுவதையும் வரைந்து பிறகு கொண்டுவரலாம் என்று நினைக்காதீர்கள். இடைவெளியைப் பார்க்காமல் எழுத்து வரைவது கண்ணைக் கட்டிக்கொண்டு கோலம் போடுவது.

கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது! என் எழுத்துரு கெட்டுவிட்டதா?

முதலில் பதறாமல் செயலியைப் பாருங்கள். யூனிகோடில் (எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறை) ‘கெ’ என்பது க, அதன்பின் கொம்பு என்ற வரிசையில்தான் சேமிக்கப்படுகிறது. கண்ணுக்குக் கொம்பை முன்னால் கொண்டுவருவது எழுத்துருவை ஓட்டும் பொறியின் வேலை. ‘கொ’வை இரண்டாகப் பிரித்துக் கொம்பை முன்னும் காலைப் பின்னும் வைப்பதும் அதுவே. குரோம், ஃபயர்பாக்ஸ் உலாவிகளிலும் ஆண்ட்ராய்டிலும் லிப்ரே ஆபிஸிலும் இருக்கும் ஹார்ஃப்பஸ் என்ற பொறி இதைத் தானாகச் செய்கிறது. அடோபி செயலிகளில் பத்தி அமைப்பில் தெற்காசிய மொழிகளுக்கான கம்போசரை (வரிகளைக் கோக்கும் வசதி) தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். இது தெரியாமல் எழுத்துருவைக் குறைசொல்லி வரும் கடிதங்கள் ஏராளம். எழுத்துருவோடு தரும் குறிப்புக் கோப்பில் முதல் வரியாக இதை எழுதிவிடுங்கள்.

செயலி சரியாக இருந்தும் ‘கு’ சேராமல் க தனியாக, குறி தனியாக நின்றால் தவறு உங்களுடையது. உகர, ஊகார இணைப்பு விதிகள் விடுபட்டிருக்கும். ஓப்பன்டைப் என்ற எழுத்துருக் கோப்பு முறையில் தமிழுக்குப் பழையது, புதியது என இரண்டு குறிச்சொற்கள் உண்டு. விதிகளை இரண்டின் கீழும் பதிவு செய்யுங்கள்.

விசைப்பலகையில் ஆங்கில எழுத்து இருக்கும் இடத்தில் தமிழ் வடிவத்தைப் போட்டுவிடும் பழைய முறை எழுத்துருக்கள் இன்னும் அச்சகங்களில் சுற்றுகின்றன. சுலபமாக இருக்கிறதே என்று அந்தப் பக்கம் போகவே வேண்டாம். அவற்றில் அடித்ததைத் தேட முடியாது, வேறு எழுத்துருவுக்கு மாற்றினால் ஒரு வரியும் மிஞ்சாது.

இடைவெளியை எப்போது சரிசெய்வது?

முதல் ஐந்து எழுத்திலிருந்தே. டிஸ்ப்ளே எழுத்துரு நெருக்கமாக நிற்கலாம், நிற்கவும் வேண்டும். ஆனால் கால் வரும் இடங்களில் கவனம்: ‘பாரா’ போன்ற சொல்லில் கோடுகள் வேலிக்கம்பி போல வரிசையாகிவிடும். கெர்னிங், அதாவது குறிப்பிட்ட இரண்டு எழுத்துகள் சேரும்போது மட்டும் இடைவெளியைக் கூட்டுவதோ குறைப்பதோ, கடைசி ஒட்டு வேலை. அடிப்படை இடைவெளி தவறாக இருந்தால் ஆயிரம் இணைகளுக்குக் கெர்னிங் செய்தாலும் தீராது.

செங்குத்திலும் பாருங்கள். மேல்வரியில் ‘கூழ்’, அதன் கீழ்வரியில் ‘ஸ்ரீ’ என்று அடித்து, வால் விலங்கில் இடிக்கிறதா, செயலி எழுத்தின் தலையை வெட்டுகிறதா என்று சோதியுங்கள்.

லத்தீன் எழுத்தும் சேர்க்க வேண்டுமா?

நேரமிருந்தால். எண்களும் நிறுத்தற்குறிகளும் கட்டாயம், லத்தீன் விருப்பம். வேறொரு எழுத்துருவின் லத்தீனைத் தூக்கி உள்ளே போடுவது மட்டும் கூடாது.

பழைய ‘லை’, ‘ணை’ வடிவங்கள்?

தமிழ்நாட்டில் 1978-இல் வந்த எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பிறகு வளர்ந்தவர்களுக்கு யானைத் துதிக்கை போன்ற பழைய ஐகாரம் அட்டைப்படங்களிலும் பழைய பலகைகளிலும் மட்டுமே தெரியும். அதனாலேயே தலைப்பில் அதற்கு ஒரு வசீகரம் உண்டு. ணை, லை, ளை, னை, ணா, றா, னா ஆகியவற்றின் பழைய வடிவங்களை மாற்று வடிவத் தொகுதியாக உள்ளே வையுங்கள். இயல்பு நிலையில் புதிய வடிவமே வரட்டும். ஏழெட்டு எழுத்து வேலைதான். வடிவமைப்பாளர்கள் இதற்காகவே உங்கள் எழுத்துருவைத் தேடி வருவார்கள்.

பழைய கடைப் பலகையைப் பார்த்து வரைந்தால் அது ‘அசல்’ ஆகுமா?

பலகையில் இருப்பது ஏழெட்டு எழுத்து. அதை எழுதியவரின் கை எப்படி ஓடியது என்று புரிந்துகொண்டு மிச்சத்தை நீங்கள் கண்டுபிடித்தால் அது உங்கள் உழைப்பு. பலகையின் படத்தையும் எங்கிருந்து தொடங்கினீர்கள் என்பதையும் சேர்த்தே வெளியிடுங்கள். எழுதியவர் யாரென்று தெரிந்தால் அவரிடம் கேளுங்கள், பெயரைப் போடுங்கள்.

வேறொருவரின் எழுத்துருக் கோப்பைத் திறந்து புள்ளிகளை நகர்த்துவது வேறு கதை. யாரும் மாற்றலாம் என்ற திறந்த உரிமத்தில் இருந்தால் அப்படிச் செய்ய அனுமதி உண்டு, ஆனால் பெரும்பாலும் விளைவையும் அதே உரிமத்தில்தான் தர வேண்டியிருக்கும். அதை அசல் படைப்பு என்று சொல்லவும் முடியாது.

பெயர் வைப்பது எப்படி?

உங்கள் எழுத்துருவின் சிறந்த எழுத்துகள் அந்தப் பெயரில் வர வேண்டும். ஒவ்வொரு சுவரொட்டியிலும் அந்தப் பெயர்தான் பெரிதாக நிற்கப்போகிறது. ‘ழ’ உங்கள் பலம் என்றால் ‘ழ’ இல்லாத பெயர் வீண். ஏற்கெனவே யாராவது வைத்திருக்கிறார்களா என்று தேடுங்கள். கோப்பின் உள்பெயர் லத்தீன் எழுத்தில், இடைவெளி இல்லாமல் இருக்க வேண்டும். ஆகவே அந்த எழுத்திலும் குழப்பமில்லாமல் எழுத முடிகிறதா என்று பாருங்கள்.

விற்பதா, இலவசமாகத் தருவதா?

முதல் எழுத்துருவை இலவசமாகத் தருவதே என் கட்சி. அதிலிருந்து வரும் பணத்தைவிட, அதைத் தெருவில் பார்த்த யாரோ உங்களுக்குத் தரும் அடுத்த வேலை பெரிதாக இருக்கும். எஸ்ஐஎல் அமைப்பின் திறந்த எழுத்துரு உரிமம் 1.1, 2007 முதல் புழக்கத்தில் இருக்கிறது. யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம், தங்கள் மென்பொருளோடு சேர்த்து விற்கலாம். எழுத்துருவை மட்டும் தனியாக விற்கக் கூடாது. எழுத்துருவின் பெயரை ஒதுக்கி வைத்துக்கொள்ளும் வசதியும் உண்டு, அந்தப் பெயரோடு மற்றவர்களின் மாற்றுப் பதிப்புகள் வராது. கூகுள் ஃபான்ட்ஸ் என்ற இலவச எழுத்துருத் தளத்தில் சேர வேண்டுமானாலும் இந்த உரிமம்தான் வேண்டும்.

ஆனால் ஒருமுறை இப்படிக் கொடுத்த பதிப்பைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடியாது. தயக்கம் இருந்தால் முதலில் சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும் என்று வெளியிட்டு, ஆறு மாதம் கழித்து முடிவெடுங்கள். கல்லூரி வேலையாகச் செய்தது என்றால் படைப்பின் உரிமை யாருக்கு என்று அங்கே விதி இருக்கிறதா என்பதையும் வெளியிடும் முன்பே கேட்டுவிடுங்கள்.

எப்படி நாலு பேருக்குத் தெரியவைப்பது?

அ, ஆ, இ, ஈ அட்டவணையைப் பதிவிட்டால் நண்பர்கள் இதயம் போடுவார்கள், யாரும் பயன்படுத்தமாட்டார்கள். பயன்படுத்துபவர் தன் தலைப்பு இதில் எப்படி இருக்கும் என்றுதான் பார்க்கிறார். ஆகவே சொற்களைக் காட்டுங்கள். ஒரு படத்துக்கு ஒரு சொல், பக்கம் நிறைய. சொல்லைத் தேர்வதில் சோம்பல் வேண்டாம்: ‘தமிழ்’, ‘வணக்கம்’ இரண்டையும் கண் பார்த்துப் பார்த்துத் தேய்த்துவிட்டது.

தேநீர்க் கோப்பையிலும் பனியனிலும் ஒட்டிய போலிப் படங்களைவிட, உண்மையான ஒரு பயன்பாடு பத்து மடங்கு பேசும். துறை விழாவின் சுவரொட்டி, நண்பரின் குறும்படத் தலைப்பு, கல்லூரி ஆண்டுமலர் அட்டை எதுவானாலும் வெளியிடும் முன்பே இரண்டு பேரிடம் கொடுத்துப் பயன்படுத்தச் சொல்லுங்கள். தவறுகளும் அப்போதே வெளிவரும்.

வேலை நடக்கும்போதே காட்டத் தொடங்குங்கள். நிராகரித்த ‘க’க்களை வரிசையாக வைத்து, ஏன் நிராகரித்தீர்கள் என்று இரண்டு வரி எழுதினால், முடித்த சுவரொட்டியைவிட அதைத்தான் மற்ற வடிவமைப்பாளர்கள் நின்று பார்ப்பார்கள். போர்ட்ஃபோலியோவைப் பார்த்து வேலை தருபவரும் அதைத்தான் தேடுகிறார். ‘36 டேஸ் ஆஃப் டைப்’ என்று நாளுக்கு ஓர் எழுத்து வரையும் வழக்கம் இணையத்தில் இருக்கிறது. 26 லத்தீன் எழுத்தும் 10 எண்களும் சேர்ந்தது அந்தக் கணக்கு. நம் கணக்கு இன்னும் வசதி: உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, சேர்த்தால் 31. ஜனவரியில் தொடங்கினால் மாதம் முடியும்போது ஆய்தத்தில் வந்து நிற்கும்.

வெளியிடும் நாளில், தட்டச்சு செய்து பார்க்கும் பெட்டி ஒன்றோடு ஒற்றைப் பக்கத் தளம் இருக்கட்டும். வருபவர் முதலில் அடிப்பது தன் பெயரைத்தான். அந்தப் பெயர் அழகாகத் தெரிந்தால் அவரே படமெடுத்துப் பகிர்வார்.

போட்டிகளுக்கு அனுப்பலாமா?

அனுப்புங்கள். லத்தீன் அல்லாத எழுத்துகளுக்கு கிரான்ஷான் போட்டி இருக்கிறது. கட்டணத்தையும் மாணவர் பிரிவு உண்டா என்பதையும் பார்த்துவிட்டு அனுப்புங்கள். அதற்காகவே எழுத்துருவைச் செய்யாதீர்கள்.

வெளியிட்ட பிறகு தவறு தெரிந்தால்?

தெரியும், கட்டாயம் தெரியும். பதிப்பு எண்ணை 1.000 என்று தொடங்குங்கள். திருத்தினால் 1.001. என்ன மாற்றினீர்கள் என்று கோப்போடு எழுதி வையுங்கள். பழைய கோப்பை அதே பெயரில் சத்தமில்லாமல் மாற்றிவைத்தால், யாரோ பாதி முடித்த அட்டையில் வரி நகர்ந்துவிடும்.

மேலே 85 வடிவங்கள் என்று கணக்குப் போட்டேன் அல்லவா, என் முதல் பதிப்பில் 84 இருந்தன. ஔகாரத்தின் பின்குறியை மறந்துவிட்டேன். யாரோ ஒரு மாணவர் தன் குறும்படத்துக்கு ‘மௌனம்’ என்று அடித்திருக்கிறார், ‘ம’வுக்குப் பின்னால் வெறும் கட்டம் வந்திருக்கிறது. அவர் என்னிடம் கேட்கவில்லை. கொம்பு போட்டு, ம போட்டு, பக்கத்தில் முழு ‘ள’வையே வைத்துவிட்டார். சுவரொட்டியைப் பார்த்தபோது முதலில் எனக்குப் பெருமையாக இருந்தது. அந்த ‘ள’ ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கிறது என்று உறைக்க இரண்டு நாளாயிற்று.